ஆடும் பருவம் முடிந்துவிட்டதா?

(பத்தாம் வகுப்பு மாணவி)

‘சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் என்னும் சுவர் உறுதியாக இருந்தால்தான் கல்வி என்னும் சித்திரம் அதில் நிலைக்கும். இதைப் படிக்காத மாணவி இல்லை. ஆயினும் நம்மில் பலர் விளையாட்டுக்கு விடை கொடுப்பது பதினான்கு, பதினைந்து வயதில்தான். “பொதுத்தேர்வு நெருங்குகிறது” என்பது ஒரு காரணம். “பெரிய பெண்ணாகிவிட்டாய், இன்னும் என்ன குதியாட்டம்?” என்பது மற்றொரு காரணம்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறையன்று. 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவியருள் நூற்றுக்கு 85 பேரும் மாணவருள் 78 பேரும் போதிய அளவு உடலை இயக்குவதில்லை என்று அதில் தெரிந்தது. பின்தங்கி நிற்பவர்கள் பெண்களாகிய நாமே!

எவ்வளவு வேண்டும்?

அதே நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிமுறைப்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட இயக்கம் தேவை. வாரத்தில் மூன்று நாட்களேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். இயக்கம் போதுமா என்று அறிய எளிய வழி உண்டு. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாவிட்டால் அது நடுத்தர இயக்கம். இரண்டு சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அது தீவிர இயக்கம்.

நம் வயதுக்கு இது ஏன் இன்றியமையாதது? பெண்ணின் எலும்பு வலிமையில் ஏறத்தாழ நூற்றில் 90 பங்கு 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இப்போது சேர்க்கும் செல்வமே முதுமையில் எலும்பு முறியாமல் காக்கும். மிதிவண்டி ஓட்டுவது இதயத்துக்கு நல்லது. ஆனால் எலும்புக்குத் தரையில் குதிக்கும் அதிர்ச்சி வேண்டும். பாண்டி ஆட்டமும் கயிறு தாண்டுதலும் அதைத்தான் தருகின்றன. ‘சிறுபிள்ளை விளையாட்டு’ என்று நாம் ஒதுக்கியவை எவ்வளவு பெரிய மருந்து, பார்த்தீர்களா?

வேலையோடு வேலையாக

“படிக்கவே நேரம் இல்லையே!” என்று தோழியர் கேட்கலாம். 1953-ஆம் ஆண்டு ஜெர்ரி மோரிஸ் என்னும் மருத்துவர் தம் குழுவினரோடு இலண்டன் மாநகரப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நடத்துநர்கள் தனியாக நேரம் ஒதுக்கிப் பயிற்சி செய்யவில்லை. அவர்கள் அலுவலே அவர்களுக்குப் பயிற்சியாயிற்று.

நாமும் அப்படிச் செய்யலாம். பள்ளிக்கு விரைந்து நடக்க 15 நிமிடம், திரும்பி வர 15 நிமிடம். பேருந்தில் வருவோர் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கலாம். இடைவேளையில் 10 நிமிடம் கயிறு தாண்டலாம். மாலையில் 20 நிமிடம் எறிபந்தோ வளையப்பந்தோ ஆடலாம். கூட்டிப் பாருங்கள், 60 நிமிடம் ஆகிவிடும்! வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்குவதும் வாசல் பெருக்குவதும் இதற்கு மேல் கிடைக்கும் இலாபம்.

பிடித்ததே நிலைக்கும்

கசப்பு மருந்துபோல் செய்யும் பயிற்சி ஒரு வாரத்தில் நின்றுவிடும். பிடித்ததைச் செய்தால் நாளையும் மனம் தேடும். போட்டியை விரும்புவோர்க்குக் கோ-கோவும் கபடியும் உண்டு. போட்டி வேண்டாதவர்க்குக் கும்மியும் கோலாட்டமும் உண்டு. இவை பெண்களுக்கென்றே நம் பாட்டிமார் வைத்துப்போன உடற்பயிற்சிகள் அல்லவா!

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். கேலி பேசியவர்களைப் பொருட்படுத்தாமல், தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டிச் சென்றனர். தாய்மார்களே கற்றுக்கொண்டார்கள் என்றால், பதினைந்து வயதில் நமக்கு என்ன தயக்கம்?

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

அன்புள்ள பெற்றோரே, விளையாடினால் படிப்புக் கெடும் என்று அஞ்ச வேண்டாம். உடலை இயக்கும் பிள்ளைகளின் சிந்தனைத் திறனும் படிப்பும் மேம்படுகின்றன என்றே 2020-ஆம் ஆண்டின் நெறிமுறை கூறுகிறது. மாதவிலக்கு நாட்களிலும் உடல் இடங்கொடுத்தால் நடப்பதும் ஆடுவதும் கேடு தருவதில்லை. பலருக்கு வலியைக்கூடக் குறைக்கின்றன. மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, அருட்சகோதரிகளே, தேர்வு நெருங்கும் மாதங்களிலும் உடற்கல்வி வேளையை எங்களுக்கே விட்டுவையுங்கள். அந்த நாற்பது நிமிடம் கணக்கிலும் அறிவியலிலும் வட்டியோடு திரும்பி வரும்.

தோழியரே, ஆடும் பருவம் முடியவில்லை. நாளைய இடைவேளைக்கு ஒரு கயிறு கொண்டு வாருங்கள். சுற்றிவிட இருவர், தாண்ட ஒருவர் போதும்!