மார்ச் ஆறு: கானா நாட்டின் விடுதலை நாள்

மேற்கு ஆபிரிக்க நாடாகிய கானா ஆண்டுதோறும் மார்ச் மாதம் 6ஆம் நாளைத் தன் விடுதலை நாளாகக் கொண்டாடி வருகின்றது. சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, பிரித்தானியரின் குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்டு, கறுப்பின மக்கள் ஆட்சியைத் தம் கையிற் பெற்ற முதல் நாடு அதுவே. ஆண்டு 1957. வரலாற்றுப் பாடத்தில் திகதிகளை மனனஞ் செய்வது நம் மாணவர்க்கு அலுப்பூட்டும் வேலை என்பதை நாம் அறிவோம். எனினும் இந்தத் திகதியை மட்டும் சற்று நின்று பார்த்தல் தகும். ஏனைய நாள்கள் இருக்க, மார்ச் 6 ஏன்?

விடையைத் தேட அந்நாட்டின் கடற்கரைக்குச் செல்ல வேண்டும். 1482இல் போர்த்துக்கேயர் அங்கே எல்மினா என்னுமிடத்தில் ஒரு கோட்டையைக் கட்டினர். அவர்கள் நாடி வந்தது பொன். அதனாலேயே அக்கரைக்குப் பொற்கரை எனப் பொருள்படும் 'கோல்ட் கோஸ்ட்' என்ற பெயர் நிலைத்தது. பின்னர் பொன்னைவிட மனிதரை விற்பதில் இலாபம் மிகுதி எனக் கண்டனர். 1637இல் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். 1872இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்ற இந்த வரிசை யாழ்ப்பாணக் கோட்டையின் வரலாறு படித்தவர்க்குப் புதிதன்று. டென்மார்க்கு நாட்டவரும் இரு கரைகளிலும் இருந்தனர். தரங்கம்பாடியிலே கோட்டை கட்டிய அவர்கள், அக்ராவிலே கிறித்தியான்சுபோர்க் என்னும் கோட்டையை எழுப்பினர். முன்னதை 1845இலும் பின்னதை 1850இலும் ஆங்கிலேயருக்கே விற்றுவிட்டுச் சென்றனர்.

இன்னொரு தொடர்பும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று. சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்ட பருத்தித் துணிகள் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து மேற்கு ஆபிரிக்கக் கரைகளுக்கு ஏற்றப்பட்டு, அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட மனிதருக்கு விலையாகவும் கொடுக்கப்பட்டன. தறியில் இருந்தவர் தம் துணி எங்கே போய் எதற்கு விலையாகும் என்று அறிந்திருக்க வழியில்லை. கடற்கரைக் கோட்டைகளின் நிலவறைகள் இன்றும் அவ்வாறே இருக்கின்றன. காற்றும் ஒளியும் புகாத அவ்வறைகளைக் காண உலகெங்குமிருந்து மக்கள் செல்கின்றனர்.

1807இல் ஆங்கிலேயர் அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் தடைசெய்தனர். ஆனால் கரையை விட்டு அகலவில்லை. 1844ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், கரையோர பான்டி இனத்தின் தலைவர்கள் சிலர் ஆங்கிலேயருடன் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். அது மிகச் சிறிய ஆவணம். கொலை, கொள்ளை முதலிய குற்றங்களை ஆங்கிலேய அலுவலர் விசாரிக்கலாம் என்பதே அதன் சாரம். நிலத்தைக் கொடுக்கின்றோம் என்றோ, ஆட்சியைக் கொடுக்கின்றோம் என்றோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் முப்பது ஆண்டுகளில், 1874இல், அக்கரை முழுவதும் பிரித்தானியக் குடியேற்ற நாடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. வழக்கைத் தீர்க்க வந்தவர் வீட்டுக்கு உரியவராயினர்.

113 ஆண்டுகளின் பின்னர், அதே மார்ச் 6 விடுதலை நாளாயிற்று. பூட்டிய நாளிலேயே பூட்டைத் திறந்தனர் எனலாம்.

இடைப்பட்ட காலம் அமைதியாகக் கழியவில்லை. உள்நாட்டில் அசாந்தி அரசு வலிமையோடு நின்றது. 1874இல் ஆங்கிலப் படை அதன் தலைநகரான குமாசியைத் தீக்கிரையாக்கியது. 1896இல் மன்னர் பிரெம்பேயைச் சிறைப்பிடித்தது. 1900இல் ஆளுநர் ஒருவர் குமாசிக்கு வந்து, அசாந்தி மக்களின் பொற்பீடத்தைத் தமக்குக் கொணருமாறு கேட்டார். அப்பீடத்தில் மன்னரும் அமர்வதில்லை. அம்மக்களின் உயிரே அதில் உறைகின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. கேட்கக்கூடாததைக் கேட்ட ஆளுநருக்கு விடையாக மூண்ட போருக்கு எஜிசு என்ற ஊரின் அரசன்னை யா அசாந்தேவா தலைமை தாங்கினார். போரில் ஆங்கிலேயர் வென்றனர். பீடம் அவர்கள் கையில் அகப்படவேயில்லை. யா அசாந்தேவா சீசெல்சுத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1921இல் அங்கேயே காலமானார். மன்னர் பிரெம்பே 1924இல் திரும்பினார். அப்போர்களில் பறிக்கப்பட்ட அரச அணிகலன்கள் சில இலண்டன் அருங்காட்சியகங்களிலிருந்து 2024இல் குமாசிக்கு வந்து சேர்ந்தன. ஆனால் திருப்பித் தரப்படவில்லை. தம் பொருளை உரியவரே இரவலாகப் பெற்றனர்.

இருபதாம் நூற்றாண்டில் அந்நாடு கொக்கோ விளைச்சலில் உலகில் முதலிடம் பெற்றது. விளைவித்தவர் உழவர், விலையைத் தீர்மானித்தவர் வேறெவரோ.

இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டு இளைஞர் பலர் பர்மாக் காடுகளில் பிரித்தானியாவுக்காகப் போரிட்டனர். ஊர் திரும்பியவர்களுக்கு வாக்களிக்கப்பட்ட உதவிகள் கிடைக்கவில்லை. 1948 பெப்ரவரி 28இல் அவர்கள் ஆளுநரிடம் மனுக் கொடுக்க அணிவகுத்துச் சென்றனர். ஆளுநர் வீற்றிருந்தது டென்மார்க்கர் கட்டிய அதே கிறித்தியான்சுபோர்க் கோட்டையில். வழியில், படைக்கலம் ஏதுமற்ற அவ்வூர்வலத்தின் மீது சுடப்பட்டது. அஜெட்டே, அட்டிப்போ, ஒடார்ட்டே லாம்ப்டி என்னும் முன்னாள் படைவீரர் மூவர் உயிரிழந்தனர். அன்று நாட்டில் மூண்ட கனல் பின்னர் அவியவில்லை.

மக்கள் இயக்கத்தை நடத்திச் சிறை சென்ற குவாமே நிக்ரூமா, 1951இல் சிறையில் இருந்தவாறே தேர்தலில் வென்றார். அரசை அமைக்கச் சிறைக்கதவைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. 1957 மார்ச் 5ஆம் நாள் நள்ளிரவில் அக்ராவில் பிரித்தானியக் கொடி இறங்கியது. செம்மை, பொன், பசுமை நிறங்களும் நடுவிலே கருவிண்மீனும் கொண்ட புதுக்கொடி ஏறியது. அதை வரைந்தவர் தியோடோசியா ஒகோ என்ற ஆசிரியை. ஒரு நாட்டின் கொடியை ஆசிரியை ஒருவர் வரைந்தார் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அன்றே நாட்டின் பெயரும் மாறியது. விற்கும் பொருளைக் கொண்டு வணிகர் இட்ட பெயர் நீங்கி, கானா என்ற பெயர் வந்தது. பழைய கானாப் பேரரசு வடமேற்கே வெகுதொலைவில், இன்றைய மொரித்தானியா, மாலி நாடுகளின் பகுதியில் இருந்தது. ஆகவே இப்பெயர் நிலத்தால் வந்ததன்று. தம் முன்னோர்க்கும் அரசும் அறிவும் இருந்தன என்பதை உலகுக்குச் சொல்ல வேண்டித் தேர்ந்தெடுத்த பெயர். அதை முன்வைத்துப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ஜே. பி. டங்குவா என்னும் அறிஞர். அவர் 1965இல் விடுதலை பெற்ற கானாவின் சிறையிலேயே, விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்ட நிலையில் இறந்தார். நிக்ரூமாவின் ஆட்சியில் எதிர்த்துப் பேசுவோர்க்கு இடமில்லாது போயிருந்தது. அவரும் 1966இல் படையினரால் வீழ்த்தப்பட்டு, 1972இல் அயல்நாட்டில் காலமானார். இவ்விருவரையும் இன்று கானா தன் தந்தையர் வரிசையில் வைத்துப் போற்றுகின்றது. மாணவர்கள் இரு பெயர்களையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஒன்றை விட்டால் மற்றது விளங்காது.

விடுதலை நாள் அணிவகுப்பில் படையினரோடு பள்ளிப் பிள்ளைகளும் சீருடையில் நடக்கின்றனர். தலைநகர் அக்ராவுக்கு வெளியேயும் இவ்விழா நடைபெறுவதுண்டு. 2019இல் வடக்கே தமாலேயிலும் 2020இல் குமாசியிலும் 2023இல் ஹோ நகரிலும் நடந்தது. அணிவகுப்புக்குச் சில நாள்கள் முன்னதாக, பெப்ரவரி 28இல், அக்ராவில் அம்மூவர் விழுந்த இடத்தருகே ஆண்டுதோறும் மலர் வளையம் வைக்கப்படுகின்றது.