தோற்றவரும் திரும்பி வரவேண்டும்: விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு கடைக்காரரின் கணக்கு

கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். பெருநாள் வாரத்தில் வருகிற கூட்டத்தைப் பார்த்துக் கடையை எடை போட முடியாது. பெருநாள் முடிந்த பிறகு, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் யார் படியேறி வருகிறார்கள் என்பதில்தான் கடையின் உயிர் இருக்கிறது. விளையாட்டுக் கழகத்துக்கும் இதே கணக்குத்தான். இறுதிப் போட்டியன்று பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், பிரதம அதிதிக்கு மாலை போடுகிறோம். அடுத்த வாரம் மைதானத்தில் எத்தனை பேர்?

வியாபாரப் பக்கத்தில் டெனிஸ் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். மாவனல்லையில் கடை வைத்திருக்கும் எவரிடமும் விசாரித்துப் பாருங்கள். வருடத்தில் பல தடவை இளைஞர்கள் கடிதத்தோடு வந்து நிற்பார்கள். "நானா, கிண்ணத்துக்கு ஒரு அனுசரணை தாங்க" என்பார்கள். நாமும் கொடுப்போம். கொடுத்த பணம் என்ன வேலை செய்தது என்று மட்டும் கேட்கமாட்டோம். வியாபாரத்தில் போட்ட முதலைப் பற்றிக் கேட்கிறோம் அல்லவா? இதையும் கேட்கத்தான் வேண்டும்.

டெனிசை உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு டெனிஸ் கோர்ட் 23.77 மீற்றர் நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 10.97 மீற்றர் அகலம். இவ்வளவு இடத்தில், இவ்வளவு செலவில், ஒரே நேரத்தில் இரண்டு பேர் அல்லது நான்கு பேர்தான் விளையாடலாம். கிரிக்கெட்டில் ஒரு மைதானம் 22 பேருக்கு வேலை கொடுக்கிறது. ஆகவே டெனிசில் ஒழுங்கு பிசகினால் நட்டம் உடனே தெரியும். நான் ரெக்கட் பிடித்தவனல்ல. ஆனால் கழகங்களின் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். பெட்மின்டன், மேசைப்பந்து, கரம் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

நொக் அவுட் என்னும் நட்டக் கணக்கு

நமது ஊர்களில் போட்டி என்றாலே நொக் அவுட்தான். தோற்றால் வெளியே. 16 பேர் பெயர் கொடுத்தால் மொத்தம் 15 ஆட்டங்கள். முதற் சுற்றிலேயே 8 பேர் வீட்டுக்குப் போகிறார்கள். இரண்டாம் சுற்று முடியும்போது 12 பேர் போய்விட்டார்கள். பாதிப் பேர் நுழைவுக் கட்டணம் கட்டி, லீவு எடுத்து, ஒரேயொரு ஆட்டம் விளையாடினார்கள். அதுவும் அநேகமாகத் தம்மைவிடப் பலசாலியிடம் அகப்பட்டுத் தோற்ற ஆட்டம்.

முதல் தடவை வந்த வாடிக்கையாளரைப் பாதி வழியில் அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் அவர் வரவில்லையே என்று எந்தக் கடைக்காரராவது வியப்படைவாரா? நான் கண்ட ஒரு கழகத்தில் இதுதான் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். இரண்டாம் வருடம் பாதிப் பேர் பெயர் கொடுக்கவில்லை. மூன்றாம் வருடம் அதே நான்கு பேர் தமக்குள்ளேயே கிண்ணத்தை மாற்றிக்கொண்டார்கள். பிறகு கோர்ட்டில் புல் முளைத்தது.

கழகத்தைச் சம்பியன் தாங்குவதில்லை. முதற் சுற்றில் தோற்றவர்களின் சந்தாப் பணம்தான் தாங்குகிறது. அவருக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்பதற்குப் பதில் வைத்திருக்கிற கழகமே நிலைக்கும். இக்கட்டுரையில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான வழிமுறை.

விம்பிள்டன் காட்டிய வழி

உலகின் மிகப் பழைய டெனிஸ் போட்டியான விம்பிள்டன் 1877 இல் தொடங்கியது. தொடங்கிய காரணத்தைக் கேட்டால் நம்மூர்க் கழகம் போலவே இருக்கும். புற்றரையைச் சமப்படுத்தும் உருளை பழுதாகிவிட்டது, திருத்தப் பணம் வேண்டும். 22 பேர் பெயர் கொடுத்தார்கள். இறுதிப் போட்டி மழையால் தள்ளிப் போனது. பார்க்க வந்த சுமார் 200 பேரிடம் தலைக்கு ஒரு சிலிங் வாங்கினார்கள்.

அந்தப் போட்டியும் நொக் அவுட்தான். ஆனால் 1896 இல் அங்கே இன்னொரு போட்டியைச் சேர்த்தார்கள். ஆரம்பச் சுற்றுகளில் தோற்றவர்கள் மட்டும் பங்குபற்றும் போட்டி அது. பரிசு ஒரு தட்டு. ஆண்களுக்கான அந்தத் தட்டுப் போட்டி 1981 வரை, ஏறக்குறைய 85 வருடங்கள் நடந்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே தோற்றவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். நாம் யோசிக்கக் கூடாதா?

16 பேர், ஒரு கோர்ட், ஐந்து ஞாயிறுகள்

இப்போது பாடத்துக்கு வருவோம். 16 பேரை நான்கு நான்கு பேராக நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். பலசாலிகள் நால்வரைக் குழுவுக்கு ஒருவராகப் போட்டுவிட்டு, மற்றவர்களைச் சீட்டுக் குலுக்கிச் சேருங்கள். ஒரு குழுவுக்குள் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் விளையாட வேண்டும். குழுவுக்கு 6 ஆட்டங்கள், மொத்தம் 24. குழுவில் முதலாம் இடம் பெற்ற நால்வர் கிண்ணத்துக்கு விளையாடட்டும், அது 3 ஆட்டங்கள். இரண்டாம் இடம் பெற்ற நால்வர் தட்டுக்கு விளையாடட்டும், அதுவும் 3. எல்லாமாக 30 ஆட்டங்கள்.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு செட் போதும். 40 நிமிடம் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை 7 மணியிலிருந்து 11 மணி வரை 6 ஆட்டங்கள் முடியும். ஐந்து ஞாயிறுகளில் 30 ஆட்டங்களும் முடிந்துவிடும். முதல் நான்கு ஞாயிறுகளில், ஒவ்வொரு வாரமும் மூன்று குழுக்கள் விளையாடும், ஒரு குழுவுக்கு ஓய்வு. அப்படியென்றால் கடைசியாக வருகிறவர்கூட நான்கில் மூன்று வாரங்கள் மைதானத்துக்கு வந்திருப்பார். பழக்கம் அங்கேதான் உண்டாகிறது.

புள்ளி கொடுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வென்றவருக்கு 3 புள்ளி கொடுங்கள். வந்து விளையாடித் தோற்றவருக்கு 1 புள்ளி கொடுங்கள். வராமல் விட்டவருக்குப் பூச்சியம். தோற்றவருக்கும் வராதவருக்கும் ஒரே மதிப்பு என்றால் இரண்டாம் ஆட்டம் தோற்றதும் ஆள் வராமல் விடுவார்.

போட்டி முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். ஐந்து பேர் கொண்ட படிகளாகப் பெயர்களைப் பலகையில் எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் தமது படியிலுள்ள நால்வரோடும் விளையாட வேண்டும், வாரத்துக்கு ஒரு ஆட்டம் வரும். மாத முடிவில் முதலாமவர் ஒரு படி ஏறுவார், கடைசியானவர் ஒரு படி இறங்குவார். இரண்டு மூன்று மாதங்களில் ஒவ்வொருவரும் தமக்குச் சமமானவர்களோடு வந்து சேர்வார்கள்.

பலம் குறைந்தவருக்கு ஒரு சலுகை

சமமில்லாதவர்களை மோதவிட வேண்டி வந்தால் பழைய கழகங்களில் இருந்த முறையைப் பின்பற்றலாம். பலம் குறைந்தவர் ஒவ்வொரு கேமையும் பூச்சியத்தில் தொடங்காமல் 15 இல் தொடங்குவார். இடைவெளி பெரிதென்றால் 30 இல் தொடங்குவார். 19ஆம் நூற்றாண்டிலேயே கழகங்களில் இந்தச் சலுகை முறை இருந்தது. வாப்பாவும் மகனும், பாடசாலைப் பிள்ளையும் வங்கி முகாமையாளரும் இதனால் ஒரே கோர்ட்டில் விளையாடலாம். இரு பக்கமும் வியர்வை வரும்.

சிறுவர்களுக்குப் பந்திலேயே சலுகை இருக்கிறது. சர்வதேச டெனிஸ் சம்மேளனம் 2007 இல் தொடங்கிய திட்டத்தில் மெதுவாகப் போகும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறப் பந்துகளைப் பரப்பியது. 2012 முதல் 10 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழமையான மஞ்சள் பந்துக்குப் பதிலாக இவற்றையே பாவிக்க வேண்டும் என்று விதியும் வந்தது. முதல் நாளிலேயே பிள்ளை பந்தைத் திருப்பி அடிக்க வேண்டும். அடித்த பிள்ளை மறுநாளும் வரும்.

சோடியை மாற்றுங்கள்

நட்புக்காக விளையாடுவதென்றால் இரட்டையர் ஆட்டமே சிறந்தது. நான்கு பேரை எடுங்கள். முதல் ஆட்டத்தில் ஒன்றாமவரும் இரண்டாமவரும் ஒரு பக்கம். அடுத்ததில் ஒன்றாமவரும் மூன்றாமவரும். கடைசியில் ஒன்றாமவரும் நான்காமவரும். மூன்று ஆட்டங்களில் எல்லோரும் எல்லோருக்கும் சோடியாகிவிடுவார்கள். எட்டுப் பேரும் இரண்டு கோர்ட்டும் இருந்தால் ஏழு சுற்றுகளில் இதைச் செய்யலாம். சுற்றுக்கு 20 நிமிடமென்றால் 2 மணித்தியாலம் 20 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் வென்ற கேம்களைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

மலைநாட்டுத் தோட்டத்துரைமார் தமது கழகங்களில் டெனிஸ் கோர்ட் வைத்திருந்தார்கள். 1876 இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப்பில் இன்றும் கோர்ட்டுகள் உண்டு. மைல் கணக்கில் பிரிந்து கிடந்த தோட்டங்களிலிருந்து வந்து ஒருவரையொருவர் சந்திக்க அது அவர்களுக்கு ஒரு சாட்டு. ஆனால் இந்நாட்டவர்களுக்கு அந்தக் கதவுகள் நீண்ட காலம் மூடியே இருந்தன. நாம் அவர்களின் ஒழுங்கை எடுத்துக்கொள்வோம், மூடிய கதவை விட்டுவிடுவோம்.

2001 மே மாதத்தில் மாவனல்லையில் கடைகள் எரிந்ததை எங்களில் எவரும் மறக்கவில்லை. ஒரு டெனிஸ் கோர்ட் கலவரத்தை நிறுத்தும் என்று சொல்லுமளவு நான் வெகுளியல்ல. ஆனால் சீட்டுக் குலுக்கியதில் ஒரு சிங்கள மருந்துக்கடைக்காரரும், ஒரு தமிழ் ஆசிரியரும், நமது தம்பி ஒருவரும் மாறி மாறி ஒரே பக்கத்தில் நின்று விளையாடினால், அடுத்த நாள் பஸ் நிலையத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெயர் தெரிந்த மனிதரைப் பற்றி வருகிற வதந்தியை நம்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுப்போம். ஆகவே சோடியை விருப்பத்துக்கு விடாதீர்கள், குலுக்குங்கள்.

நேரமும் காலமும்

2010 விம்பிள்டனில் இஸ்னர், மஹூட் இருவரும் மூன்று நாட்களாக 11 மணித்தியாலம் 5 நிமிடம் விளையாடினார்கள். கடைசி செட் 70-68. அந்த செட்டுக்கு அப்போது டை பிரேக் இல்லை. 2022 இலிருந்து நான்கு பெரிய போட்டிகளிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டை பிரேக்கில் முடிகிறது. அவர்களுக்கே நேரக் கட்டுப்பாடு வேண்டுமென்றால், கடை திறக்க ஓட வேண்டிய நமக்கு வேண்டாமா? 6-6 ஆனால் டை பிரேக் என்று முதலிலேயே எழுதி ஒட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு 15 நிமிடம் பிந்தி வருகிறவர் அந்த ஆட்டத்தை இழப்பார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கலண்டரையும் பாருங்கள். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு நமது மழை தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை, இடி மின்னல். ஜனவரி முதல் மார்ச் வரைதான் காலைகள் காய்ந்திருக்கும். ஆனால் 2025 இல் மார்ச் தொடக்கத்தில் வந்த நோன்பு வருடத்துக்குச் சுமார் 10, 11 நாட்கள் முன்னே நகர்கிறது. ஆகவே அந்த மூன்று மாதங்களில் நோன்பையும் கணக்கிலெடுத்து ஐந்து ஞாயிறுகளைத் தேர்ந்தெடுங்கள். சித்திரைப் புத்தாண்டு, பரீட்சைக் காலம், ஊர்ச் சந்தை நாள் மூன்றையும் தவிருங்கள். மழைக்கென்று ஒரு போயா விடுமுறையைக் கையிருப்பாக வையுங்கள்.

பணம்

பந்துக்கும் கோர்ட்டுக்கும் ஆகும் செலவே முக்கியம். டின் திறந்த பந்து நாளடைவில் காற்றிழந்து எழும்பாமல் போகும். ஒரு காலைக்கு மூன்று பந்து கொண்ட டின் இரண்டு என்று வைத்தால் ஐந்து ஞாயிறுகளுக்கு 10 டின். அன்றைய விலையைக் கேட்டு எழுதி, கோர்ட் பராமரிப்பையும் தேநீரையும் கூட்டி, 16 ஆல் வகுத்தால் நுழைவுக் கட்டணம் வந்துவிடும்.

நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்து வென்றவருக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள். எல்லோரும் பணம் வைத்து ஒருவர் அள்ளிக்கொண்டு போவது சூதாட்டத்தின் சாயல். சந்தேகமிருந்தால் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசை அனுசரணையாளர் தரட்டும். அதுவும் சிறிதாக இருக்கட்டும். பரிசு பெரிதானால் கோட்டில் விழுந்த பந்தும் வெளியே விழுந்ததாகிவிடும்.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் தமது பக்கத்தில் விழுந்த பந்தை அவரவரே சொல்ல வேண்டும். சந்தேகமென்றால் அது எதிராளிக்கு நல்ல பந்து. இது டெனிசில் எங்கும் உள்ள ஒழுங்கு. தராசு பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முள் நடுங்கினால் வாடிக்கையாளர் பக்கம் ஒரு துளி கூடப் போடுவோம் அல்லவா?

அனுசரணை கேட்டு வந்தால்

அடுத்த முறை தம்பிமார் கடிதத்தோடு கடைக்கு வந்தால் விரட்டாதீர்கள். ஒரு தேநீர் கொடுத்து நான்கு கேள்விகள் கேளுங்கள். முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கு இன்னும் எத்தனை ஆட்டம் இருக்கிறது? புதிதாக எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்? கட்டணம் எதற்குச் செலவாகிறது? இறுதிப் போட்டிக்கு அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு கோர்ட்டில் என்ன நடக்கும்?

முதல் மூன்றுக்கும் பதில் இருந்தால் கிண்ணம் வாங்கிக் கொடுங்கள். நான்காவதுக்கும் பதில் இருந்தால் கிண்ணத்தோடு பத்து டின் பந்தும் வாங்கிக் கொடுங்கள். அந்த முதல் வீண்போகாது.