மலைப்பாதை ஜீப்புக்கு ஏற்ற டயர்

விளைபொருளை உண்டாக்குவது ஒரு பாடு. அதைச் சேதமின்றி மலையிலிருந்து இறக்குவது மற்றொரு பாடு. ரப்பரும் கிராம்பும் மிளகும் விளையும் கீரிப்பாறைப் பகுதியினர் இதனை நன்கு அறிவர். 1984ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் இங்கே உள்ளன. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழை பெறும் இச்சரிவுகளில், தோட்டப் பாதைகள் பல மாதங்கள் ஈரமாகவே கிடக்கும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் பழைய ஜீப்பு இத்தகைய வழிக்கு ஏற்ற வண்டி.

இவ்வண்டிக்கு டயர் மாற்றும்போது, கடையில் உள்ளவற்றுள் மிகப் பெரியதும் மிகக் கரடானதுமே சிறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. வண்டியின் அளவு, ஓடும் வழி, ஏற்றும் பாரம் ஆகிய மூன்றையும் கருதித் தேர்ந்த டயரே பாதுகாப்பும் சிக்கனமும் தரும்.

முதலில் அளவைக் கவனிப்போம். பழைய ஜீப்புகள் பலவற்றுக்கு உரிய அளவு 6.00–16. டயரின் அகலம் ஏறத்தாழ 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்பது இதன் பொருள். டயரின் மொத்த உயரம் சுமார் 28 அங்குலம் வரும். இதற்குப் பதிலாக 7.00–16 பூட்டினால் உயரம் சுமார் 30 அங்குலமாகும். அப்போது ஏற்றத்தில் சக்கரத்தின் இழுப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு குறையும். வேகமானி உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டும். ஸ்டீரிங்கை முழுதும் ஒடிக்கையில் டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசவும் கூடும்.

அடுத்தது பட்டன் அமைப்பு. ஆழமான பெரிய பட்டன்கள் கொண்ட சேற்று டயர், செம்மண் சேற்றைத் தள்ளிவிட்டு முன்னேறும். ஆனால் நனைந்த தார்ச் சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவாதலால், பிரேக் பிடித்ததும் வண்டி சறுக்கிச் செல்லும்; தேய்மானமும் விரைவு. சாலை டயரிலோ சேறு அப்பிக்கொண்டு பிடிப்பே அற்றுப்போகும். ஆகவே, வண்டி ஓடும் பத்து மைலில் எத்தனை மைல் தார்ச் சாலை என்று கணக்கிடுங்கள். பாதிக்கு மேல் தார்ச் சாலையாயின், இரண்டுக்கும் நடுத்தரமான பட்டன் அமைப்பே ஏற்றது. பாரத்துடன் இறங்கும் வண்டியில் ஆட்களும் இருப்பர். ஏறும் வலிமையைவிட நிற்கும் வலிமையே முக்கியம்.

டயரின் உள்ளே இருப்பதும் ஒரு துணியே என்பது நெசவாளர்களுக்குச் சுவையான செய்தி. உறுதியான நைலான் கயிறுகள் பாவாக நெருங்கி நிற்கும். ஊடை நூலோ அவற்றை விலகாமல் நிறுத்தும் அளவுக்கு மெல்லியதாய், இடைவிட்டு ஓடும். இத்துணியை ரப்பரில் தோய்த்து, ஒன்றன்மேல் ஒன்று குறுக்குச் சாய்வாக அடுக்கிச் செய்வது பழைய முறை. கயிறுகளை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடவிட்டு, மேலே எஃகுப் பட்டை இடுவது ரேடியல் முறை. குறுக்கு அடுக்கு டயரின் பக்கச்சுவர் தடித்தது. கூரிய கல்லைத் தாங்கும். ரேடியல் டயர் தார்ச் சாலையில் சூடு குறைந்து நெடுநாள் உழைக்கும். அதன் பக்கச்சுவர் மெல்லியது. இவ்விரண்டையும் ஒரே வண்டியில் கலந்து பூட்டலாகாது.

நான்கு டயர்களும் ஒரே அளவும் ஒரே அமைப்பும் உடையனவாய், ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்தனவாய் இருத்தல் வேண்டும். பழைய ஜீப்பில் நான்கு சக்கர இழுப்பைப் பூட்டியதும் முன் அச்சும் பின் அச்சும் ஒரே கணக்கில் சுழலும். முன்னே புதிய டயரும் பின்னே தேய்ந்ததும் இருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் கியர்களின் மேல் விழும். உலர்ந்த தார்ச் சாலையில் நான்கு சக்கர இழுப்பைப் பூட்டலாகாது என்பதும் இக்காரணம் பற்றியே.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் நன்றாயிருந்தும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயரைத் தள்ளுங்கள். தாங்கும் பாரத்தின் குறியீட்டையும் சரிபாருங்கள். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரைச் சாலை விதி அனுமதிப்பதில்லை. மலைப்பாதைக்கு அந்த எல்லைவரை காத்திருத்தலும் தகாது.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். டியூப் உள்ள டயரில் காற்றை மிகவும் இறக்கினால், டயர் ரிம்மில் வழுக்கிச் சுழன்று டியூபின் வால்வைப் பிய்த்துவிடும்.

சங்கத்தின் பெயரிலோ, அங்கத்தினர் சிலர் கூடியோ வண்டி வைத்திருப்பின், அளவு, அமைப்பு, பாரம், செய்த காலம் ஆகிய நான்கையும் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். பால்வெட்டும் கைகளின் உழைப்பும் நெசவின் நுட்பமும் சேர்ந்து உருவான பொருள் டயர். அதை ஆராய்ந்து வாங்குவதும் பேணுவதும், நம் பொதுப் பணத்தையும் வண்டியில் வருவோர் உயிரையும் காப்பதாகும்.