ஐந்து வருஷ கோட்டிங்கும் திண்டுக்கல் போர் தண்ணீரும்

புதுக் கார் எடுக்கப் போனவர் லோன் தாள், இன்ஷூரன்ஸ் தாள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் ஷோரூமில் இன்னொரு தாள் நீளும்: செராமிக் கோட்டிங். மூன்று வருஷத்துக்கு ஒரு விலை, ஐந்து வருஷத்துக்கு ஒரு விலை. வெளியே டீடெய்லிங் கடைகளில் விசாரித்தால் எண் ஏழு, பத்து என்று ஏறும். எல்லாமே ஒரு சின்னப் பாட்டில் திரவம்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போர்டிகோ நிழலில் நின்று, நல்ல தண்ணீரில் கழுவப்படும் காரில், முறையாகப் போட்ட கோட்டிங் இரண்டரை, மூன்று வருஷம் உருப்படியாக வேலை செய்யும். தெருவோர வெயிலில் நின்று, போர் தண்ணீரில் குளித்து, தினமும் காய்ந்த துணியால் தூசி தட்டப்படும் காரில் அதே சரக்கு ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பெரிது. அட்டையில் அச்சடித்த எண் இந்த வித்தியாசத்தைச் சொல்லாது. காரை எங்கே நிறுத்துகிறோம், எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம், யார் எதை வைத்துத் துடைக்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் எந்தப் பாட்டில் என்ற கேள்விக்கே வர வேண்டும்.

பெயிண்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும் கிளியர் கோட். மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான் வரும். கிளியர் கோட்டின் பங்கு அதில் 40, 50. செராமிக் என்பது சிலிகாவை அடிப்படையாகக் கொண்ட திரவம். காற்றில் இருக்கும் ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, கிளியர் கோட்டின் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. இறுகிய பின் அதன் தடிமன் ஒன்று, மிஞ்சினால் இரண்டு மைக்ரான். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான். 44ஆம் எண் நெடுஞ்சாலையில் முன்னே போகும் ஜல்லி லாரியிலிருந்து தெறிக்கும் கல்லை இரண்டு மைக்ரான் தடுக்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

அடுத்து, ‘9எச்’ என்ற மந்திரம். கடைக்காரர் அதைச் சொல்லிவிட்டு பானெட்டில் லைட்டரைப் பற்றவைத்தும் காட்டுவார். அந்த 9எச் பென்சில் கணக்கு. 6பி முதல் 9எச் வரை கடினம் கூடிக்கொண்டே போகும் பென்சில்களால் பூச்சைக் கீறிப் பார்க்கும் சோதனை அது. 9எச் பென்சிலும் கீறவில்லை என்றால் அந்தப் பட்டம். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10 என்றிருப்பதால், இதுவும் வைரத்துக்குப் பக்கத்துவீடு என்று நினைத்துக்கொள்கிறோம். நம் செம்மண் தூசியில் கிடக்கும் குவார்ட்ஸ் மணலுக்கு மோஸ் அளவில் 7. அது கண்ணாடியையே கீறும். காரின் மேல் பூசிய எதையும் கீறும்.

பின்னே எதற்குத்தான் இது? அழுக்கு அழுந்தப் பிடிக்காது, கழுவுவது எளிது, நிறம் ஆழமாகத் தெரியும், வெயிலும் பறவை எச்சமும் கிளியர் கோட்டைத் தொடுவதற்குள் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். அதிகமாக எதிர்பார்க்காதவருக்கு இது நல்ல பொருள்.

இனி தண்ணீர். இங்கேதான் நம் ஊரின் கதை மற்ற ஊர்களிலிருந்து பிரிகிறது. திண்டுக்கல்லைச் சுற்றி அடியில் கடும்பாறை. பாறை வெடிப்புகளில் தேங்கும் தண்ணீர் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகிறது. போதாக்குறைக்கு, தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றிய கிணறுகள் பல பத்தாண்டுகளாக உப்பேறிக் கிடக்கின்றன. குடிப்பதற்கு ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும், பேரணையிலிருந்தும், காவிரியிலிருந்தும் தண்ணீர் வருகிறது. அதைக் காரின் தலையில் ஊற்ற யாருக்கும் மனசு வராது, வரவும் கூடாது. காருக்குக் கிடைப்பது போர் தண்ணீர்.

இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, கரைந்த உப்பை லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. உங்கள் போர் தண்ணீர் 1,000 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கழுவிய காரில் அரை லிட்டர் துடைக்கப்படாமல் காய்ந்தால், அரை கிராம் உப்பு பெயிண்ட் மேல் உட்கார்ந்துவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு அரை கிராம்.

விற்பனை வீடியோக்களில் தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் காட்டுவார்கள். ஓடும் காரில் அது உருண்டு விழும், சரி. நிற்கும் காரின் பானெட்டிலும் கூரையிலும் அந்த முத்துகள் நின்ற இடத்திலேயே வெயிலில் சுண்டும். உள்ளே இருந்த உப்பு முழுவதும் ஒரு சின்ன வட்டத்துக்குள் குவியும். கோட்டிங் இல்லாத காரில் தண்ணீர் பரவி மங்கலாகக் காய்கிறது. கோட்டிங் போட்ட காரில் வெள்ளை வளையங்களாகக் காய்கிறது. இந்த வளையங்கள் சிலிகாவின் மேல் பிடித்துக்கொண்டால் எளிதில் போகாது. முத்து லென்ஸ் மாதிரி வெயிலைக் குவித்துப் பெயிண்டை எரிக்கிறது என்று ஒரு விளக்கம் ஊரில் உலவுகிறது. அதெல்லாம் இல்லை, வேலையைச் செய்வது உப்பு.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துக் காருக்கு ஊற்றும் வீடுகள் நிறைய. சிக்கன எண்ணம் நல்லதுதான். ஆனால் மெஷின் ஒதுக்கிய உப்பெல்லாம் அந்த வாளியில்தான் இருக்கிறது. காருக்கு அதைவிட மோசமான தண்ணீர் வீட்டில் கிடையாது. மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டி உங்கள் வீட்டில் இன்னும் உயிரோடிருந்தால் அதுவும் பொன்தான். காரை முழுக்கக் கழுவ போர் தண்ணீரே போதும். கடைசி அலசலுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர், உடனே மைக்ரோஃபைபர் துண்டால் ஒற்றியெடுப்பு. இந்த ஒரு வாளி, மூன்று வருஷக் கோட்டிங்குக்கும் ஐந்து வருஷக் கோட்டிங்குக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைவிட அதிகம் உழைக்கும்.

வளையம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, நிழலில், தகடு ஆறிய பிறகு தடவி, ஒரு நிமிஷத்தில் அலசிவிடலாம். புதிதாக விழுந்த வளையம் கரையும். பித்தளைக்குப் போடுகிற கணக்கில் புளியைத் தேய்க்கப் போக வேண்டாம், கோதில் மண் இருக்கும்.

துணி விஷயத்துக்கு வருகிறேன். காலையில் வந்து நாலு வீட்டுக் காரைத் துடைத்துவிட்டுப் போகிறவருக்கு நாம் கொடுப்பது ஒரு வாளி, ஒரு பழந்துணி. அந்தத் துணி முதல் காரின் மண்ணை நாலாவது காரில் தேய்க்கிறது. செராமிக் சாவதற்கு வெயிலைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஆய்வுக்கூட மெஷினில் புற ஊதா விளக்கும் ஈரமும் கொடுத்து ஆயுளைக் கணக்கிடுகிறார்கள். அங்கே செம்மண் ஒட்டிய துணி கிடையாது. தூசி மட்டும் இருந்தால் காரை விட்டுவிடுங்கள். தூசியோடு நிற்பது பெயிண்டுக்குக் கெடுதலில்லை.

இன்னொன்று: தண்ணீர் உருள்வது நின்றுவிட்டாலே கோட்டிங் போய்விட்டது என்று முடிவுகட்டி மறுபடி பணம் கட்டுகிறார்கள். பாதிக்குப் பாதி அது செத்திருக்காது, மூடியிருக்கும். உப்பும், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூளும் மேலே படலமாகப் பிடித்திருக்கும். நல்ல ஷாம்பு போட்டு, இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் அடித்து, உப்பு நீக்கி தடவி அலசினால் பல கார்களில் முத்து திரும்ப வரும். வராவிட்டால்தான் போனது. இந்தச் சோதனைக்குச் சில நூறு ரூபாய். மறு கோட்டிங்குக்குப் பல ஆயிரம்.

சரி, கடையில் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேக்ஸ் பழைய ஆள். நல்லதில் கார்னோபா இருக்கும், பிரேசிலில் வளரும் ஒரு பனை இலையின் மெழுகு. அது உருகுவது 80 டிகிரிக்குச் சற்று மேலே. சித்திரை வெயிலில் கறுப்புக் காரின் பானெட் 70ஐத் தொட்டுவிடும். அதனால் இங்கே அதன் ஆயுள் ஒரு மாதம், ஒன்றரை மாதம். ஞாயிற்றுக்கிழமை காரோடு பொழுது போக்கப் பிடித்தவருக்கு ஆயிரம் ரூபாய்க்குள் இதைவிட நல்ல சுகம் இல்லை. மற்றவர்கள் தாண்டிப் போகலாம்.

டெஃப்லான் கோட்டிங் என்ற பெயரில் இன்னும் விற்கிறார்கள். 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த அந்தப் பொருளை தோசைக்கல்லில் ஒட்டவைக்க 300 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கார் பெயிண்ட் கருகிவிடும். பாட்டிலில் வருவது பெரும்பாலும் பாலிமர் சீலன்ட். சீலன்ட் என்றே வாங்கினால் பாதி விலையில் கிடைக்கும், நாலைந்து மாதம் நிற்கும்.

செராமிக் ஸ்பிரே என்னுடைய கட்சி. கழுவிய காரில் அடித்துத் துடைத்தால் போதும், இரண்டு மூன்று மாதம் வரும். ஏற்கெனவே கோட்டிங் போட்ட காரிலும் மேல்பூச்சாக அடிக்கலாம். தேய்மானத்தை இது வாங்கிக்கொள்ளும், அடியில் இருப்பது பிழைக்கும். வெயிலில் நிற்கும் காருக்கு பெரிய கோட்டிங்கைவிட இதைத்தான் சிபாரிசு செய்வேன்.

முழு செராமிக் கோட்டிங் சின்னக் காருக்குப் பத்தாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரம் வரை கேட்கிறார்கள். இதில் பெரும்பங்கு திரவத்துக்கு இல்லை, அதற்கு முன் செய்யும் வேலைக்கு: களிமண் கட்டியால் பெயிண்டைச் சுத்தம் செய்வது, மெஷின் பாலிஷ், கடைசியில் ஆல்கஹால் கலந்த திரவத்தால் எண்ணெய்ப் பசை போகத் துடைப்பது. பாதி நாளில் காரைத் திருப்பிக் கொடுக்கும் கடை இவற்றில் எதையோ விட்டிருக்கிறது. பாலிஷ் போடும்போது கிளியர் கோட் கொஞ்சம் குறையும் என்பதால் ஒவ்வொரு வருஷமும் இதைச் செய்துகொண்டிருக்கவும் முடியாது. இப்போது கிராஃபீன் என்றொரு பெயர் சேர்ந்திருக்கிறது. 2010இல் நோபல் வாங்கித் தந்த பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் பாட்டிலுக்குள் அடிப்படை வேலையைச் செய்வது பெரும்பாலும் அதே சிலிகா. கூடுதல் பணம் கொடுக்க நான் காரணம் காணவில்லை.

பிபிஎஃப் வேறு சாதி. 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள ஒளிபுகும் பாலியூரிதேன் ஃபிலிம். கல் தெறிப்பைத் தாங்கும். மெல்லிய கீறல்கள் வெயில் சூட்டில் தானாகவே மூடிக்கொள்ளும், அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மகாராஷ்டிரத்தின் கார்வேர் நிறுவனம் இந்தியாவிலேயே தயாரிக்கிறது. முழுக் காருக்கு அறுபதாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சத்துக்கும் மேல் போகும். பிவிசி ஃபிலிமைக் குறைந்த விலைக்கு ஒட்டித் தருவார்கள். சீக்கிரம் மஞ்சளாகும், உரிக்கும்போது வம்பு செய்யும், அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இப்போது ஆளுக்கு ஏற்றபடி. தினமும் மதுரைக்கோ திருச்சிக்கோ நான்குவழிச் சாலையில் ஓடுபவர் முழுக் காருக்கு செராமிக் போடும் காசில் முன் பம்பருக்கும் பானெட்டின் முன்பகுதிக்கும் கண்ணாடி மூடிகளுக்கும் மட்டும் பிபிஎஃப் ஒட்டிக்கொள்ளட்டும், மிச்சத்துக்கு ஸ்பிரே. போர்டிகோ இருக்கிறது, கறுப்போ அடர் நீலமோ கார், வைத்திருக்கப்போவது ஏழெட்டு வருஷம் என்றால் செராமிக் நியாயமான செலவு. மூன்று வருஷப் பாட்டிலே போதும். வெள்ளைக் காரில் வளையமும் தெரியாது, கீறலும் தெரியாது, கூடும் பளபளப்பும் அவ்வளவாகத் தெரியாது, ஸ்பிரேயோடு நிறுத்தலாம். தெருவில், அதுவும் புளியமரத்தடியில் நிறுத்துபவருக்கு முதல் செலவு ஒரு ஷெட் அல்லது நல்ல கவர். காக்கை எச்சம் சூடான தகட்டில் சில மணி நேரத்திலேயே தடம் பதித்துவிடும். செராமிக் அதைத் தள்ளிப்போடும், தடுக்காது. எட்டு வயதான காருக்கு வருஷத்துக்கு இரண்டு முறை சீலன்ட், அவ்வளவுதான்.

செராமிக் என்றே முடிவானால், வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைக் கடையிலேயே நின்று படியுங்கள். தண்ணீர்க் கறை, பறவை எச்சம், கீறல், கல் தெறிப்பு எதற்கும் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் இருக்கும்; நம் ஊரில் கோட்டிங்குக்கு வரும் ஆபத்தெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை காசு கட்டிப் பராமரிப்புக்கு வர வேண்டும், ஒன்று தவறினாலும் வாரண்டி போச்சு என்றும் இருக்கும். அந்தக் கட்டணங்களைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஐந்து வருஷ விலையைப் பேசுங்கள். புதுக் காரென்றால் டெலிவரிக்கு முன் ஷோரூமில் பாலிஷ் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லிவைப்பதும் நல்லது. அவசரப் பாலிஷின் சுழல் கீறல்களை கோட்டிங் மறைக்காது, அப்படியே பூட்டிவைக்கும்.

பருவமும் பார்க்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தகடு சூடாக இருந்தால் திரவம் துடைப்பதற்குள் இறுகித் திட்டுத் திட்டாக நிற்கும். ஏசி அறை உள்ள கடையானால் பரவாயில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை, இறுகுவதற்குள் நனைந்துவிடும். மார்கழிக் கடைசியும் தை மாதமும் தோது. போட்ட அன்று இரவு கார் கடையிலேயே நிற்கட்டும், ஏழு நாள் ஷாம்பு வேண்டாம், சந்தனமும் குங்குமமும் மாலைக் கம்பியும் பானெட்டில் படவே வேண்டாம். அந்த வாரம்தான் பழனிக்குப் போயாக வேண்டுமென்றால் பஸ் இருக்கிறது.