துடையாத பலகை

ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பு மாணவர் பெற்ற மதிப்பெண்களைக் கரும்பலகையில் எழுதிக் கூட்டிப் பார்த்தார். பின்னர்த் துடையாமலே சென்றுவிட்டார். அடுத்து அவ்வறைக்கு வந்த வேற்று வகுப்பினர் அவற்றை முயற்சியின்றிப் படித்தனர். இங்கே பூட்டை உடைத்தவர் எவரும் இலர். சுவரேறிக் குதித்தவரும் இலர். துடைக்க வேண்டியது துடைக்கப்படவில்லை, அவ்வளவே. கணினியிலும் இத்தகைய பிழை நேர்வதுண்டு.

கணினியில் பல நிரல்கள் ஒருங்கே இயங்குகின்றன. ஒன்றின் மறைபொருளை மற்றொன்று அறியாவண்ணம் காப்பது இயங்குதளத்தின் கடமை. திரையில் படங்களைத் தீட்டுவதற்கும், பெருங்கணக்குகளை விரைந்து போடுவதற்கும் வரைகலைச் செயலி என்னும் உறுப்பு உதவுகிறது. அதனை இயங்குதளத்தோடு இணைத்து ஏவும் நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். அச்செயலியினுள் சிறு நினைவகம் உண்டு. நிரல்கள் பல மாறி மாறிப் பயன்படுத்தும் அந்நினைவகம், வகுப்பறைப் பலகையைப் போன்றது.

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், 'டிரெயில் ஆஃப் பிட்ஸ்' என்னும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தார் ஒரு குறையை உலகிற்கு அறிவித்தனர். ஆப்பிள், ஏஎம்டி, குவால்காம், இமாஜினேஷன் ஆகிய நிறுவனங்களின் செயலிகள் சிலவற்றில், ஒரு நிரல் எழுதியவை அந்நினைவகத்தில் அழியாமல் கிடந்தன. அடுத்து வந்த நிரல் அவற்றைப் படிக்க முடிந்தது. இக்குறைக்கு 'லெஃப்ட்ஓவர் லோக்கல்ஸ்' எனப் பெயரிட்டனர்.

அவர்கள் இதனைச் செய்தும் காட்டினர். ஒரே கணினியில் ஒருவர் செயற்கை நுண்ணறிவு நிரலிடம் வினாக்களைக் கேட்க, மற்றொருவருடைய நிரல் எஞ்சிக் கிடந்தவற்றைப் படித்து, அவர் பெற்ற விடைகளை ஏறத்தாழ அப்படியே மீட்டது. ஏஎம்டி செயலி ஒன்றில், ஒரு வினாவிற்கு ஏறக்குறைய 181 மெகாபைட் அளவு செய்தி கசிந்தது. கேட்டவர் தம் நோயைப் பற்றியோ, குடும்பத் துயரைப் பற்றியோ வினவியிருப்பின், அதுவும் அயலார் கண்ணில் பட்டிருக்கும் அன்றோ?

இதற்கு மருந்து எளியது. ஒரு நிரல் முடிந்து மற்றொன்று தொடங்குமுன், நினைவகம் முழுவதும் சுழியத்தை எழுதிவிட வேண்டும். டிரைவரே இப்பணியைச் செய்யலாம். அதனால் விரைவு சிறிது குறையக்கூடும். ஆயினும் மறைபொருள் காக்கப்படும். ஆராய்ந்து பார்த்த என்விடியா, ஆர்ம் செயலிகளில் இக்குறை காணப்படவில்லை. ஆதலின் இது தவிர்க்க இயலாத குறை அன்று. குறையுடைய நிறுவனங்களுள் சில, பின்னர்த் திருத்தங்களை வெளியிட்டன.

பொதுவிடத்தைப் பயன்படுத்துவோர், பின்வருவோர்க்கு அதனைத் தூயதாக விட்டுச் செல்லுதல் நற்பண்பு. கணினியில் அப்பண்பே காவலாகவும் நிற்கிறது.