வயல் வேலையும் நோவுக் குளிசையும்

அருவி வெட்டுக் காலத்தில் நாரி நோவும் முழங்கால் நோவும் கமக்காரருக்குப் புதியவையல்ல. முன்னர் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் முழுகி ஆற்றிக்கொண்ட இந்நோவுக்கு இக்காலத்திற் பலர் மருந்துக் கடையிற் குளிசை வாங்கி விழுங்குகின்றனர். அவற்றுட் பெரிதும் வழங்குவது டைக்குளோபினாக் என்பதாகும். சுவிற்சர்லாந்திலே ஆக்கப்பட்ட இம்மருந்து பயனுடையதே. ஆயினும் அதன் இயல்பை அறியாது உட்கொள்ளுதல் இடருக்கு ஏதுவாகும்.

உடலில் அடிபட்ட இடத்திலே புரொசுற்றாகிளாண்டின் எனும் பொருள்கள் உண்டாகி வீக்கத்தையும் நோவையும் தோற்றுவிக்கின்றன. அவை உண்டாவதை டைக்குளோபினாக் தடுக்கின்றது. சுளுக்கு, மூட்டுவாதம், நாரிப்பிடிப்பு என்பன இதனாலேயே தணிகின்றன. ஆனால் இரைப்பையின் உட்சவ்வைப் புளிப்பினின்றுங் காப்பனவும், சிறுநீரகத்துக்குக் குருதியோட்டத்தைப் பேணுவனவும் இதே பொருள்களாம். குளிசை முழங்காலை மட்டும் தேடிச் செல்வதில்லை.

காலை முதல் வெயிலில் நின்று, போதிய நீர் அருந்தாது வேர்வை சிந்தியவரின் உடலில் நீர் குறைந்திருக்கும். அந்நிலையிற் சிறுநீரகம் தன் குருதியோட்டத்துக்கு இப்பொருள்களையே பெரிதும் நம்பியுள்ளது. அவ்வேளையிற் குளிசையை விழுங்குதல், குளத்தில் நீர் வற்றிய நேரத்திலே துருசையும் அடைப்பது போலாகும். ஆகவே முதலில் நீர் அருந்தி, உணவு உண்டு, இளைப்பாறிய பின்னரே குளிசையைப் பற்றி எண்ணவேண்டும்.

வளர்ந்தோர் ஒருநாளில் உட்கொள்ளத்தக்க மிகக்கூடிய அளவு 150 மில்லிகிறாம் ஆகும். குறைந்த அளவிற் சில நாட்களுக்கு மட்டும் எடுத்தலே நன்று. ஒரே மருந்து பல பெயர்களில் விற்கப்படுதலால், இரு கடைகளில் வாங்கியவர் தம்மை அறியாமலே இருமடங்கு விழுங்கக்கூடும். பெயரெழுதாத கடதாசி உறையிற் கொடுக்கும் குளிசையை வாங்காதீர்கள். ஊசியாக ஏற்றினால் வயிற்றுக்குத் தீங்கில்லை என்போர் உளர். அது தவறு. ஒரு மூட்டில் மட்டும் நோவாயின் பூசும் களிம்பு போதும். அதிலிருந்து குருதியிற் சேரும் மருந்து சொற்பமே.

வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளோரும், பாரிசவாதம் கண்டோரும், கருவுற்ற பெண்களும் வைத்தியர் சொல்லாமல் இதனைத் தொடலாகாது. இருதய நோயாளருக்கு இது கூடாதென ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் எச்சரித்தது. குருதியமுக்கத்துக்கு மருந்து எடுப்போர், சிறப்பாகச் சிறுநீர் போக்கும் குளிசையும் சேர்த்து எடுப்போர், தாமாக இதனைக் கூட்டிக்கொண்டாற் சிறுநீரகம் திடீரெனப் பழுதடையக்கூடும். மலம் கருநிறமாகக் கழியின் அது இரைப்பையிற் குருதி கசிவதன் அறிகுறியாகலாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

இவையனைத்தினும் கூடிய கவனத்துக்குரியது காய்ச்சலோடு வரும் நோவு. சேற்றில் வேலை செய்தவருக்குக் காய்ச்சலும், கெண்டைக்காலிலும் நாரியிலும் கடும் உளைவும், கண் சிவத்தலும் கண்டால் அதனை வேலைக் களைப்பென்று கொள்ளலாகாது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரால் வரும் எலிக்காய்ச்சல் இவ்வாறே தொடங்கும். 2024 டிசெம்பரில், வெள்ளத்தின் பின், யாழ்ப்பாண மாவட்டத்தில் இந்நோயாற் பலர் இறந்தனர். எலிக்காய்ச்சல் தானே சிறுநீரகத்தைத் தாக்குவது. அதன்மேல் டைக்குளோபினாக்கும் சேருமாயின் கேடு இரட்டிக்கும். டெங்குக் காய்ச்சலிலோ இது குருதிப்பெருக்கை உண்டாக்கலாம். நோவு தணிந்ததைக் கண்டு நோயே தணிந்ததென மயங்கி இரண்டு நாட்களைக் கழித்துவிடுவது மற்றோர் இடர்.

ஆதலின் காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் மட்டும், ஒருமுறைக்கு 500 மில்லிகிறாம் குளிசை இரண்டுக்கு மேற்படாமல், ஆறு மணித்தியால இடைவெளி விட்டு எடுக்கலாம். ஈரல் நோயுள்ளோர் அதற்கும் வைத்தியரைக் கேட்கவேண்டும். எலிக்காய்ச்சல் பரவும் இடங்களில் வயலில் இறங்குமுன் தடுப்பு மருந்தாகிய டொக்சிசைக்கிளினைப் பெறுதல் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை வினவுக. காய்ச்சலுடன் வைத்தியசாலைக்குச் செல்பவர், தாம் எத்தனை நாட்களுக்கு முன் வயலில் இறங்கினார் என்பதையும், விழுங்கிய குளிசை யாது என்பதையும் கேட்கப்படாமலே சொல்லவேண்டும்; குளிசை மட்டையையும் கையோடு கொண்டுசெல்க.