மலைச்சரிவு வீடுகளுக்குச் சூரிய மின்சாரம்: தகடும் பாட்டரியும் எவ்வளவு வேண்டும்?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் பாதை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. அப்பாதையை அடுத்த சரிவுகளிலும், குரங்கணி, கொட்டகுடிப் பக்கங்களிலும் ஏலமும் காப்பியும் மிளகும் பயிரிடும் குடும்பங்களுக்கு, மின்கம்பி மழைக்காலத்தில் நம்பத்தக்க துணையன்று. ஒரு மரம் சாய்ந்தால் ஒரு சரிவு முழுவதும் இருளடைகிறது. புதுக் கம்பத்தைச் சுமந்து செல்லப் பாதையில்லாத இடங்களில் மறுபடி விளக்கெரியப் பல நாட்கள் ஆகலாம். 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல் லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, சமவெளியில் இருப்பவர்களும் இத்துன்பத்தை நன்கு அறிந்துகொண்டனர்.

ஆகவே சோலார் பேனல் எனப்படும் சூரிய மின்தகடுகளை வீட்டில் அமைத்துக்கொள்ள விரும்புவோர் பெருகி வருவது இயல்பே. ஆனால் இதில் குடியானவர் நஷ்டமடைவது பெரும்பாலும் விலையினால் அன்று, கணக்குப் பிசகினால்தான். அக்கணக்கை இங்கு விவரிப்போம்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2024-ம் வருஷம் பிப்ரவரி மாதம் தொடங்கப்பட்ட பிரதம மந்திரியின் சூரிய வீடு திட்டத்தில், 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ. 78,000 வரை மானியம் அறிவிக்கப்பட்டது. மின்வாரியக் கம்பியோடு இணைத்து, பாட்டரியின்றி அமைக்கும் இத்தகைய அமைப்புகள் மின்கட்டணத்தைக் குறைப்பவை. கம்பியில் மின்சாரம் நின்றவுடன் இவையும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் பொருட்டே இவ்வாறு செய்யப்பட்டுள்ளது. நண்பகல் வெயில் கூரைமேல் கொட்டினாலும் வீட்டில் ஒரு விளக்கும் எரியாது. இதை அறியாமல் மனுச் செய்பவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலர்கள் முன்னதாகவே விளக்கிச் சொல்வது நலம். மின்தடைக் காலத்திற்கு வேண்டியது பாட்டரியோடு கூடிய தனி அமைப்பு.

அதன் அளவை நிர்ணயிக்கப் புகுவோர் தகட்டிலிருந்து தொடங்கலாகாது. செலவிலிருந்தே தொடங்க வேண்டும். சரிவிலுள்ள ஒரு வீட்டை உதாரணமாகக் கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் 4, தினம் 5 மணி நேரம்: 180 வாட்-மணி. 50 வாட் டெலிவிஷன் 3 மணி நேரம்: 150. இண்டர்நெட் பெட்டி 10 வாட் வீதம் 10 மணி நேரம்: 100. கைப்பேசிகளுக்கு 30. ஆக 460 வாட்-மணி. இவ்வளவுதானே என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகின்றனர். ஆனால் இன்வர்ட்டர் வேலையின்றி இருக்கும்போதும் தன் பங்கைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 10 வாட் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 240 ஆகிறது. அதாவது நான்கு விளக்குகளின் செலவைவிட அதிகம்! இரவு படுக்கும்போது அதை அணைத்துவிடும் வழக்கம் இச்செலவைக் குறைக்கும். மாற்றத்தில் ஏற்படும் சேதத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 750 வாட்-மணி, அதாவது முக்கால் யூனிட், தேவை.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை இக்கணக்கில் சேர்க்கவே கூடாது. 3,000 வாட் ஹீட்டர் ஒன்றை 18 மணி நேரம் எரித்தால் 54 யூனிட் ஆகும். மேற்படி வீட்டிற்கு அது எழுபது நாட்களுக்குப் போதும். வெப்பத்தைப் பாட்டரியில் சேமிப்பது கட்டுப்படியாகாது. கிணற்று மோட்டாரும் அப்படியே; அதற்குப் பகலில் நேரடியாக ஓடும் தனிச் சோலார் பம்பே தக்கது.

இனிப் பாட்டரி. இரண்டு நாள் வெயிலே இல்லாவிட்டாலும் வீடு நடக்க வேண்டுமெனில் 1,500 வாட்-மணி கையிருப்பு வேண்டும். ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் விரைவில் குன்றும். ஆகையால் 3,000 வாட்-மணி கொள்வதாக வாங்க வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரி ஒன்று 1,800 கொள்ளும். எனவே இரண்டு தேவை. லித்தியம் அயன் பாஸ்பேட் பாட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொள்ளலாமாதலால் 1,900 வாட்-மணி அளவே போதும். முதல் விலை அதிகமாயினும், தண்ணீர் ஊற்றுவோர் இல்லாத தோட்ட வீடுகளுக்கு இதுவே ஏற்றது என்பது நம் அபிப்பிராயம்.

தகட்டின் கணக்கில்தான் மலைக்கும் சமவெளிக்கும் பேதம் வருகிறது. தமிழ்நாட்டில் வருஷ சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்குச் சமமான முழு வெயில் கிடைக்கிறதென்று விற்பனையாளர் கூறுவது பொய்யன்று. ஆயினும் சராசரியைக் கொண்டு ஆடி மாதத்து இரவில் விளக்கேற்ற முடியாது. தென்மேற்குப் பருவத்தில் மலையுச்சியில் மேகம் நாட்கணக்கில் கவிந்திருக்கும்; கிழக்குச் சரிவோ ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்திற்கும் ஆளாகிறது. எனவே சரிவில் 2½ மணி, போடி சமவெளியில் 3½ மணி என்று வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு. தூசு, சூடு, பாட்டரி ஆகியவற்றில் நூற்றுக்கு 30 சேதம் கழிக்க வேண்டும்.

சராசரி 5 மணியைக் கொண்டால் 750 வாட்-மணிக்கு 215 வாட் தகடு போதுமென்று வரும். அத்தகடு மேகமூட்டக் காலத்தில் தினம் 375 மட்டுமே கொடுக்கும். பாட்டரியும் ஒன்றே இருக்குமானால் மூன்றாம் நாள் இரவு வீடு இருண்டுவிடும். பாட்டரியும் அரைப் பட்டினியில் கிடந்து ஈயத்தகடுகளில் சல்பேட் படிந்து கெடும். 2½ மணியைக் கொண்டால் 430 வாட் வரும். கடைகளில் கிடைக்கும் 540 வாட் தகடு ஒன்றை வாங்கினால் தினம் ஏறக்குறைய 945 வாட்-மணி கிடைத்து, குறைந்த கையிருப்பு மெல்ல நிரம்பவும் இடமுண்டு. சமவெளி வீட்டில் 30 வாட் சிக்கன விசிறி ஒன்றை 8 மணி நேரம் ஓட்டினாலும், அங்கே வெயில் கூடுதலானபடியால் ஏறக்குறைய இதே தகடு போதும். பழைய 75 வாட் விசிறியானால் போதாது.

அளவு சரியாயிருந்தும் இடம் தவறினால் பயனில்லை. ஏலத்திற்கு நிழல் வேண்டும், தகட்டிற்கு வெயில் வேண்டும். இரண்டும் ஒரே வளாகத்தில் வாழ வேண்டியிருக்கிறது. தகட்டின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும், உள்ளே சில்லுகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், நஷ்டம் அம்மூலையளவோடு நிற்பதில்லை. இதற்காக நிழல் மரத்தை வெட்டுவது மகசூலையும் கெடுக்கும், வன இலாகாவின் விதிகளுக்கும் உட்பட்டது. காய் உலர்த்தும் களத்தின் ஓரமே பெரும்பாலும் நல்ல இடம். அவ்விடத்தில் ஒரு குச்சியை நட்டு, காலை 9 மணி முதல் மாலை 3 மணி வரை அதன் நிழல் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். மேற்கே மலை உயர்ந்த பள்ளத்தாக்குகளில் வெயில் சீக்கிரம் மறைவதால், தகட்டைத் தெற்கிலிருந்து சற்றுக் கிழக்காகத் திருப்பி வைப்பது லாபம். சாய்வு 10 டிகிரி போதும். ஆனி, ஆடி மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்பதால், அதிகச் சாய்வு மிகவும் தேவையான காலத்திலேயே குறை செய்யும்.

களம் வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்தால் கம்பியையும் கவனிக்க வேண்டும். 540 வாட் தகடு ஏறக்குறைய 41 வோல்ட்டில் 13 ஆம்பியர் கொடுக்கும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தால் சேதம் 47 வாட். சார்ஜ் கண்ட்ரோலரைக் களத்திலேயே வைத்து 24 வோல்ட்டாக மாற்றி 20 ஆம்பியர் அனுப்பினால் சேதம் 110 வாட்டுக்கு மேல். ஆகவே கண்ட்ரோலர் பாட்டரியின் அருகிலேயே இருக்கட்டும். அது எம்.பி.பி.டி. வகையாக இருப்பதும் அவசியம், மலிவான பி.டபிள்யூ.எம். வகை இத்தகட்டின் விளைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை வீணாக்கும்.

இடி விழும் மலையாதலால் தகட்டின் சட்டத்தைத் தரையோடு இணைத்து எர்த் செய்ய மறக்கலாகாது. ஈயப் பாட்டரி சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிப்படும். காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில், அடுப்புக்கும் பூஜை விளக்குக்கும் எட்டாத இடத்தில் அதை வைத்து, மாதம் ஒரு முறை தண்ணீர் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். மலைச் சுனைநீர் எவ்வளவு தெளிவாயிருந்தாலும் இதற்கு உதவாது.